டாக்டர் சுந்தரவல்லியின் நான்கு மாதங்கள்

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர் சுந்தரவல்லிக்குப் பத்தொன்பது வருட வேலை. போன ஆடியில், இதயம் நின்றுபோன ஒருவரின் மார்பை விடாமல் அழுத்திப் பிழைக்கவைத்தாள். அதில் அவளுடைய வலது தோள் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, நான்கு மாதம் வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள்.

அவள் ஒப்பந்த டாக்டர். ஷிப்ட் பார்த்தால்தான் பணம்; பி.எஃப்., பென்ஷன் எதுவும் கிடையாது. சம்பாதித்ததெல்லாம் கூடுவாஞ்சேரியில் இரண்டு மனைகளாகக் கிடந்தது. பாங்கில் இருந்ததோ, அந்த மனைகளுக்காக வாங்கிய கடனுக்கு இரண்டு மாதத் தவணை கட்டத்தான் காணும்.

"ஐம்பத்திரண்டு வயசுல இப்படி நிக்கறேனே" என்று கணவர் வைத்தீஸ்வரனிடம் சொன்னாள். அவருடைய டியூஷன் வருமானம் மளிகைக்கே சரியாக இருந்தது.

ஒரு மனையை மகள் ஸ்நேகாவின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தாள். சிறுசேரி ஆபீஸில் லீவு போட்டுவிட்டு ஸ்நேகாவே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அதை வித்துடு. வயசான காலத்துல நீ யார்கிட்டயும் கேட்டு நிக்கக் கூடாது. என் கல்யாணத்தை நான் பாத்துக்கறேன்."

விற்றார்கள். கடன் அடைந்தது. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக பாங்கில் போட்டுவிட்டு, மீதியை அறுபதுக்குப் பிறகு மாதாமாதம் வரும்படி ஓய்வூதியத் திட்டத்தில் போட்டாள்.

கார்த்திகையில் வேலைக்குத் திரும்பினாள். முதல் வாரமே மேனேஜர், "மேடம், ஞாயித்துக்கிழமை ஒரு எக்ஸ்ட்ரா ஷிப்ட் பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், முடியாது."

இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை நிம்மதியாகத் தூங்கினாள்.