விழ வேண்டியவர்

திருச்சியில் எங்கள் ஆபீசுக்குப் பக்கத்தில் நாடகக் கொட்டகை போட்டிருந்த சமயம். எதிர் டீக்கடைக்குத் தினமும் ஒருவர் வருவார். ஒடிசலான உடம்பு, மழுங்கச் சிரைத்த முகம். துண்டை நாலாக மடித்துப் பெஞ்சில் போட்டு, அதன் மேல்தான் மெல்ல உட்காருவார். யாரென்று எங்களுக்குத் தெரியாது.

எனக்கும் நண்பனுக்கும் அப்போது ஒரே சண்டை. திங்கட்கிழமை நாடகத்துச் சதிகார மந்திரியும் வெள்ளிக்கிழமை நாடகத்துக் கொள்ளைக்காரனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? நான் மந்திரியின் வாள் பக்கம். அவன் கொள்ளைக்காரனின் சாட்டை பக்கம். பேச்சு முற்றிப்போய் அந்த மனிதரையே கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க சார், யாரு ஜெயிப்பாங்க?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வேஷமும் நான்தான், தம்பி. யாரு ஜெயிச்சாலும் நான்தானே விழணும்."

நண்பன் விடவில்லை. "கீழ மெத்தை போடுவாங்கல்ல?"

"மெத்தையில விழுந்தா கடைசி பெஞ்சுக்குச் சத்தம் கேக்காதே."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, பலகை அதிரக் கொள்ளைக்காரன் விழுந்தான். கொட்டகையே கைதட்டியது. அவர் எழுந்திருக்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் படுதாவை இறக்கிவிட்டார்கள்.