செண்பகத்துக்கு ஒரு பூசை

ராயபுரம் கோயிலில் ஞாயிறு முதல் பூசைக்கு முன்னால், யார் யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று மைக்கில் வாசிப்பது ரேச்சலின் பழைய வேலை. பன்னிரண்டு வயதில் தொடங்கியது. அந்தக் குரலைத் திருவிழாவில் கேட்டுத்தான், லோக்கல் கேபிள் நடத்திய பிரகாஷ், பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்கு அவளைக் கூப்பிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா ஸ்டானிஸ்லாஸ், "நம்ம பொண்ணு டிவி பொட்டில பேசுதுபா" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர் கண்ணை மூடிய வருடம்தான் பெரிய சேனலில் சமையல் போட்டி நடத்தும் வாய்ப்பு வந்தது. அங்கிருந்து சீரியல்.

சீரியலில் அவள் பெயர் செண்பகம். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, நாலு வருடம் மாமியாரிடம் அடங்கிப்போகும் மருமகள். முகம்தான் ரேச்சலுடையது, குரல் வேறொரு பெண்ணுடையது. "அழும்போது உன் வாயில ராயபுரம் வந்துடுதும்மா" என்று சொல்லி டைரக்டர் டப்பிங்குக்கு ஆள் வைத்துவிட்டார். வளசரவாக்கத்தில் அறை எடுத்துத் தங்கினாள். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தால் உண்டு.

போன வாரம் கதையில் செண்பகத்தை லாரி ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். ரேச்சலின் படத்துக்குச் சந்தன மாலை போட்டு விளக்கேற்றியதையும் ஊரே பார்த்தது. வேறு வேலை இன்னும் அமையவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை வீடு வந்து சேர்ந்தாள்.

"இன்னாடி இது! நீ செத்துப் பூட்டேன்னு நான் சோறு தின்னாம அய்துகினு கீறேன், நீ இட்லி வாங்கிகினு போறே!" என்றாள் எதிர்வீட்டு அஜீசுன்னிசா. தெருவே சிரித்தது. அம்மா சிலுவையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் கோயிலில் உபதேசியார் சாவியோ பழையபடி சீட்டை நீட்டினார். மூன்று பெயர் வாசித்தாள். நாலாவது வரியில் வாய் நின்றுவிட்டது. 'செண்பகம், ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர் சிலுவையம்மாள்.'

பிறக்கவே பிறக்காத ஒருத்திக்காகப் பீடத்தின் பக்கத்தில் நின்று வேண்டலாமா? ஆண்டவர் சந்நிதியில் பொய் சொன்னதாகிவிடாதா? தாண்டிப் போய்விடலாம் என்றால், முன்வரிசையில் அம்மா. முக்காடு போட்டு, கண்ணை மூடி, அந்த ஒரு பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"வாசிம்மா, ஃபாதர் ரெடியா கீறாரு" என்று சாவியோ கிசுகிசுத்தார்.

வாசித்தாள். நாலு வருடத்தில் செண்பகத்துக்காக அவளுடைய சொந்தக் குரல் வெளியே வந்தது அன்றைக்குத்தான். ராயபுரமும் கூடவே வந்தது. பாட்டுக்காரப் பிள்ளைகள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பின்னால் இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரேச்சலின் கையும் தானாக நெற்றிக்குப் போனது. அது யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமா இது? அப்டி ஒரு பொண்ணே கெடையாதும்மா. அது நான்தான்."

"தெரியும்டி. நான் இன்னா பைத்தியமா?"

"அப்புறம் எதுக்குப் பூசை?"

"நாலு வருசமா அந்தப் பொண்ணு தெனம் எட்டு மணிக்கு நம்ம வூட்டுக்கு வந்துச்சு. அதும் மூஞ்சப் பாத்துகினே தான் நான் சோறு துன்னேன். நீ வந்தியா?"

கோபப்படுவதா, அழுவதா, உயிரோடு இருப்பதற்காக மன்னிப்புக் கேட்பதா?

அன்று ராத்திரி அம்மா டிவியைப் போடவில்லை. அதற்கு எதிரே பாய் விரித்து, இரண்டு தட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் வைத்தாள்.

"எட்டாயிட்ச்சு. வந்து குந்து."

அணைந்திருந்த டிவியின் கறுப்புக் கண்ணாடியில் தன் முகம் மங்கலாகத் தெரிந்தது. அம்மா எந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறாள் என்று புரியாமலே ரேச்சல் போய் உட்கார்ந்தாள்.