சுற்றறிக்கையில் நான் அடித்த வரி

பேராயரை அடக்கம் செய்து ஆறு வாரம் ஆகிறது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரை அவர் இடித்ததையே முதலில் சொல்கிறார்கள். சொல்லத்தக்கதுதான். அச்சுவர் இடிந்தபோது நான் அவர் அருகில் நின்றேன். அதற்கான சுற்றறிக்கையை எழுதியவனும் நானே.

விருதுநகர் மாணவர் விடுதியில் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். திருத்தங்கலில் அவருடைய தாயார், வீட்டிலிருந்தபடியே, தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தார். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது இவர் நகங்களிலும் பசை காய்ந்திருக்கும். பின்னாளில் சிவகாசிப் பக்கம் குருவானவராக இருந்தபோது, விடியற்காலையில் பட்டாசுக் கம்பெனிப் பேருந்துகள் வந்து நிற்கும் இடங்களுக்குச் சென்று, ஏறும் பெண்களிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்வார். ஞாயிறன்று அந்தப் பெயர்களைச் சொல்லி ஜெபிப்பார். அவர்களில் பலர் எங்கள் சபையினர் அல்லர் என்று சிலர் குறைப்பட்டதுண்டு. பேராயரான பிறகு, ஆலயத்தின் முன்வரிசையில் பெரிய குடும்பங்களுக்கெனப் போட்டிருந்த நாற்காலிகளை எடுத்தார். பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். நான் அவரை ‘ஐயா’ என்று அழைக்கத் தொடங்கியது அப்போதுதான். தனியே இருக்கும்போது அவர் அதை ஏற்கவில்லை. “ஏலே, அந்த ஐயாவ வாசல்லயே செருப்போட சேத்துக் களத்திப் போட்டுட்டு வா” என்பார்.

கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் சாதியினர், அந்தப் பக்கம் காலனி மக்கள். எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடுத்த சாவுக்கென அருகிலேயே ஆறடி நிலத்தை ஒதுக்கி, நான்கு மூலையிலும் கல் ஊன்றிச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போன எங்கள் மகளின் அருகில் நானும் அப்படி நான்கு கல் ஊன்றியிருந்தேன். அந்த இடம் என் மனைவிக்கானது. அவளே அளந்து காட்டியது.

சுவரை இடிப்பது பற்றிச் சூலக்கரையில், ஆட்சியர் அலுவலகத்தில், மூன்று முறை அமைதிக் கூட்டம் நடந்தது. செத்தவர்களுக்கு எதுவும் தெரியாது, இருக்கிறவர்களுக்குத்தான் வலிக்கிறது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முறையிட்டார். “வலிக்கட்டும்யா. அந்தப் பக்கம் அம்புட்டு வருசமா வலிக்குதுல்ல” என்று பேராயர் சொன்னார். அத்துடன் முடிவானது.

புதிய விதி எளிமையானது. சுவர் இராது. ஒதுக்கீடு இராது. வாசலிலிருந்து தொடங்கி, காலியாக உள்ள இடம் அடுத்து இறப்பவருக்கு. சுற்றறிக்கை எழுத அவர் என்னிடம் கொடுத்த குறிப்பில் பென்சிலால் ஒரு வரி கூடுதலாக இருந்தது: கணவன், மனைவி, பிள்ளை ஆகியோருக்கு மட்டும் அருகருகே இடம் தரலாம். நான் அதை அடித்தேன். குடும்பம் குடும்பமாகப் புதைத்தால் சாதி சாதியாகப் புதைத்ததாகவே முடியும், இடித்த சுவர் மீண்டும் எழும் என்று வாதிட்டேன். அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

“ஏலே, சட்டம் எளுதுறவன் வீட்டுல சாவு விளாதா?”

என் வாதத்துக்கு அவரிடம் மறுமொழி இல்லை என்று அன்று எண்ணினேன். கையெழுத்திட்டார்.

சுவர் இடிந்த அன்று எல்லோர் முன்னிலையிலும் முதலில் கல்லைப் பிடுங்கியவன் நான். நான்கையும் பிடுங்கினேன். சிலர் கை தட்டினார்கள். வீடு திரும்பியதும் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“கல்லப் பிடுங்கிட்டீக. சரி. நாளைக்கு என்னைய எங்கன வப்பீக?”

நான் விதியை விளக்கினேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

அவ்வாண்டு தீபாவளிச் சீசனில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் வெடிமருந்து அறை வெடித்தது. இறந்தவர்களில் காலனியைச் சேர்ந்த எங்கள் சபைப் பெண் ஒருத்தி, இருபது வயதிருக்கும். வரிசைப்படி வந்த இடம் என் மகளின் அருகில் இருந்த இடம். பேராயரே ஆராதனை நடத்தினார். குழி மூடப்படும்வரை நான் நின்றேன். என் மனைவி வரவில்லை. அந்தப் பெண்ணின் மீது அவளுக்கு ஒருபோதும் மனத்தாங்கல் இருந்ததில்லை. ஈஸ்டர் விடியலில் இரண்டு கல்லறைகளுக்கும் சேர்த்தே பூ வாங்குவாள்.

நான்கு ஆண்டுகள் கழித்து அவள் மாரடைப்பில் இறந்தாள். பேராயர் காரை விட்டு இறங்கி நேரே உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினார். மகளின் தலைமாட்டில் நடைபாதையை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருப்பதாகவும், காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

“அங்கன வெட்டச் சொல்லட்டா? நீ கேளு. கேட்டாப் போதும்.”

காலனியிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டால் கொடுப்பாரா என்றேன்.

“குடுக்கணும்னுதான்லே அன்னைக்கே எளுதினேன். நீ அடிச்சிட்ட.”

வரிசைப்படியே ஆகட்டும் என்றேன். கொள்கை என்று அவர் நினைத்திருக்கலாம். ஊரும் அப்படித்தான் பாராட்டியது. உண்மையில், நான் அடித்த வரி தவறென்று அவர் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ள எனக்கு நா எழவில்லை. அவ்வளவே. வெளியே சவப்பெட்டி வந்திருந்தது. என் மனைவி மகளிடமிருந்து ஒன்பது வரிசைகள் தள்ளிப் புதைக்கப்பட்டாள்.

அடுத்த திருமண்டல மன்றக் கூட்டத்தில், பென்சிலால் எழுதிய அந்த வரியைப் பேராயர் தாமே விதியில் சேர்த்தார். வாசகத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் அனுப்பினார். உடல்நலமில்லை என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு ஆண்டுகளில் அவர் மனைவி இறந்தபோது, அதே கல்லறைத் தோட்டத்தில், திருத்திய விதியின்படி அருகில் அவருக்கென இடம் விடப்பட்டது. இழவுக்குப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் பார்த்தபோதெல்லாம் மழையைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் பேசினோம்.

அவர் இறந்த அன்று, வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த தாளைக் குருவானவர் வாசித்தார். பேராயர்களை அடக்கம் செய்யும் ஆலய வளாகத்தில் வேண்டாம், மனைவியின் அருகிலும் வேண்டாம், வரிசைப்படி வைக்கவும் என்றிருந்தது. கூடியிருந்தவர்கள் அவருடைய எளிமையைக் குறித்து வியந்தார்கள். என் மனைவிக்குக் கிடைக்காததைத் தாம் எடுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்தது.

போன வாரம் அவர் மகள் என் வீட்டுக்கு வந்தாள். காபியைத் தொடாமல் வைத்திருந்தாள்.

“மாமா, அம்மா பக்கத்துல வேண்டாம்னு அப்பா ஏன் எளுதிட்டுப் போனாக? ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த எடம் இனி அடுத்துச் சாகுறவுகளுக்குப் போயிரும்ல?”

போகும் என்றேன்.