மூடிய குழிக்கு மேலே ஒரு சாலை

அலுவலகத்தில் அவளுக்கு வெந்நீர் மேடம் என்று பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல ஓரிடத்தில் நிற்க மாட்டாள். நெடுஞ்சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர். கணினியில் ஒரு வளைவைப் போடுவாள், எழுந்து ஜன்னல்வரை போவாள், திரும்பி வந்து அதை அழிப்பாள்.

நிலக்கரிச் சுரங்கம் வெட்டிக்கொண்டே வந்து நான்குவழிச் சாலையை நெருங்கிவிட்டது. சாலையை வேறு பக்கம் நகர்த்தும் வேலை அவளிடம் வந்தது. வடக்கே போனால் தூரம் குறைவு. ஆனால் பழைய சுரங்கக் குழியை மண் கொட்டி மூடிய இடத்தின் மேல் போக வேண்டும். தெற்கே போனால் வயல்களைச் சுற்றி நீண்ட வளைவு, ஓடையின் மேல் ஒரு பாலம் வேறு.

வடக்கு வழி வந்தால் அவள் தம்பியின் லாரிப் பட்டறை வாசலிலேயே சாலை. தெற்கு வழி வந்தால் பட்டறைப் பக்கம் ஒரு சைக்கிள்கூடத் திரும்பாது. தலைமைப் பொறியாளரிடம் இதை அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். "நாம வடக்குதானே போகப் போறோம். தம்பிக்கு யோகம்னு வெச்சுக்கோங்க."

மூடிய குழியின் மேல் சாலையின் எடைக்குச் சமமாக ஒரு மண்மேடு கொட்டி, அது எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்தார்கள். மழைக்காலத்துக்குள் அமிழ்வது நின்றுவிடும் என்று கணக்கு. நிற்கவில்லை. ஆள் அனுப்பினால் போதும், ஆனாலும் அவளே ஓடி ஓடிப் போய் அளந்தாள். இந்த முறையாவது நின்றிருக்காதா என்று ஒரு மனம். நின்றிருந்தால் நம்பலாமா என்று இன்னொரு மனம்.

விஷயம் காதில் விழுந்து தம்பி வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, கொஞ்சம் உட்காரு. நீ நடக்குறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

"சொல்லுடா."

"உங்க பெரியவரே வடக்குங்கிறார். நீ ஏன் முட்டுக்கட்டை போடுறே?"

"மண்ணு இன்னும் இறங்கிட்டே இருக்கு."

"இறங்கட்டுமே. எந்த ரோடுதான் இறங்கல?"

"ஒரே மாதிரி இறங்கினாப் பரவாயில்லை. ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் நிக்கும். வேகமா வர்ற லாரி என்ன ஆகும்னு உனக்குச் சொல்லணுமா?"

"ஆனா ஆகட்டும், எனக்கு வேலை கிடைக்கும்" என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு, "வேற யாராவதா இருந்தா நான் சண்டை போடுவேன். உன்கிட்ட என்னன்னு போடுறது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவள் தெற்கு வழியைப் பரிந்துரைத்தாள். தலைமைப் பொறியாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு மேல் கூட்டம். ஒவ்வொன்றிலும் அதே கேள்விக்கு அதே பதில். கடைசியில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

தெற்கே சாலை வந்தது. தம்பி பட்டறையை மூடிவிட்டுச் சுரங்கத்தின் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தான். இன்னொருவன் ஏவி வேலை செய்வது அவனுக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிறான் என்று அவன் மனைவி சொன்னாள். அக்காவோடு பேசினான், ஆனால் வார்த்தைகளை எண்ணிப் பேசினான்.

மூடிய குழியில் யாரும் இப்போது அளப்பதில்லை. சாலை வராததால் அது தாங்கியிருக்குமா இல்லையா என்று இனி தெரியப்போவதுமில்லை. அவளைக் குடைந்தது அதுதான்.

ஒருநாள் தம்பி போன் செய்தான். "அக்கா, உன் குழி மேல ஆடு மேயுது. ஒண்ணும் உள்ள போகல."

"ஆடு எடை கம்மிடா."

அவன் சிரித்துவிட்டான். வெகுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அவளும் சிரித்தாள், ஆனால் போனை வைத்ததும் கார் சாவியைத் தேடினாள்.

புதிய சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மண்கரை முடிந்து பாலம் தொடங்கும் இடத்தில் கார் லேசாகக் குலுங்கியது போல இருந்தது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, அந்த இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.