சத்தம் போடாத ரீல்

சைகோனில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பிரெஞ்சுக் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடை இருந்தது. ஒரு நாள் காலை அங்கே குண்டு வெடித்தது. அப்போது அவர் கம்பெனி வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தாராம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளை உதறிவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அதன்பிறகு மாதக்கணக்கில் வாசலைத் தாண்டவில்லை.

தட்டு கை தவறி விழுந்தால் போதும், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் ஒடுங்கிக்கொள்வார். நான் கடிகாரத்தைக்கூடத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அம்மியில் அரைப்பதற்குப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாதா கோயிலில் பார்ப்பவர்கள் எல்லாம் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். சொல்வதற்கு என்ன, வாய்தானே. எனக்கோ மனிதர் இப்படியே இருந்துவிடுவாரோ என்று பயம். காரைக்காலிலிருந்து கப்பலேறி இவரை நம்பி வந்தவள் நான். இந்த ஊரில் எனக்கு வேறு யாரும் இல்லை.

ஒரு நாள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், தெருவில் சைக்கிளில் போன ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தோளில் நீளமாக ஒரு தூண்டில் கோல், அதில் ஒரு சின்னச் சக்கரம்.

"அந்த ஆளு எங்கெ போறான்?" என்றார்.

அவராக ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. நான் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தேன். "மீன் புடிக்கப் போறான் போலருக்குங்க. நீங்களும் போறீங்களா?"

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அங்கெ சத்தம் இருக்காதுல்ல?"

மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், வலையும் அரிக்கேன் விளக்கும் விற்கும் சீனக்காரர் கடை. அரைகுறைப் பிரெஞ்சில், தூண்டிலும் அந்தச் சக்கரமும் வேண்டும் என்றேன். சக்கரத்துக்கு முலினே என்று பெயராம். அமெரிக்கர்கள் வந்த பிறகு ரீல் என்கிறார்கள் என்றார். என்ன மீன், எந்தத் தண்ணீர், பிடிக்கப் போவது யார் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். மீனைக் குழம்பில் பார்த்தவளிடம் இதையெல்லாம் கேட்டால் என்ன சொல்வாள்? புதிதாகப் பழகுகிற ஆள், வாய்க்கால் தண்ணீர் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் அவர் எடுத்து வைத்தது தேங்காய் அளவு ரீல். அது வுங் டாவ் போய்க் கடலில் வீசுகிறவர்களுக்கு என்று அவரே சொல்லி அதை உள்ளே வைத்துவிட்டார். பிறகு சின்னதாகச் சிலவற்றைப் பரப்பினார். ரீலின் முகப்பில் ஒரு கம்பி வளையம் இருக்கிறது. வீசுவதற்கு முன் அதை மடக்கித் திறந்துவிட வேண்டும். தூண்டில் நரம்பு தானாக ஓடித் தண்ணீரில் விழுந்த பிறகு கைப்பிடியைச் சுற்றினால் வளையம் மூடிக்கொள்ளும். அதைச் சுற்றிக் காட்டினார். டக்கென்று மூடியது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

கடைக்காரர் பல் சக்கரத்தின் உறுதியைப் பற்றியும் நரம்பின் கனத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒவ்வொரு ரீலாக எடுத்துக் காதோடு வைத்துச் சுற்றினேன். ஒன்று சுற்றும்போதே கடகடவென்றது. இன்னொன்றைத் திருப்பினால் கடிகாரம் போல டிக் டிக் என்றது. அந்த டிக் டிக்கை நிறுத்த அடியில் ஒரு சின்ன விசை இருக்கிறது என்று காட்டினார்; ஆனால் வளையம் மூடும் சத்தத்தை நிறுத்த வழியில்லையாம். இப்படி ரீல் வாங்க வந்தவர்களை அவர் பார்த்ததே இல்லை என்று முகம் சொன்னது. கடைசியில் பழைய பிரெஞ்சு ரீல் ஒன்று கிடைத்தது. அதன் வளையம் வெற்றிலைப் பெட்டி மூடுகிற மாதிரி மெல்ல மூடியது. அதற்குப் பொருத்தமாக, கை நடுங்கினாலும் தாங்கும்படி எடை குறைந்த கண்ணாடி நார்க் கோலாக, இரண்டாகக் கழற்றக்கூடியதாகப் பார்த்துக் கொடுத்தார். ரீலை மாட்டி ஒரு விரலில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நின்றது.

வீட்டில் மிச்சமிருந்த பச்சைக் காடாத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்தேன். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து, ரீல் நடுவில் புடைத்துக்கொண்டிருக்க, தோளில் மாட்ட வாரும் வைத்தேன். என் தையலைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். அதைத் தெருவில் தூக்கிப் போனால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி சிக்லோ என்கிற மிதி ரிக்‌ஷாவில் ஏற்றினேன். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். வாய்க்காலுக்குப் போக ஒரு பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்து முனையில் மணல் மூட்டை அடுக்கிச் சிப்பாய்கள் நின்றார்கள். வண்டியை நிறுத்திய சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. உறையைக் காட்டி அது என்ன என்றான்.

என் வியட்நாம் பாஷை மார்க்கெட்டோடு சரி. அந்தப் பாஷையில் குரலை ஏற்றினால் ஓர் அர்த்தம், இறக்கினால் வேறு அர்த்தம். மீன் பிடிப்பதற்கு "கௌ" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அவன் ஓரடி பின்னால் போனான். விளங்கவில்லை போலிருக்கிறது என்று பாலத்துக்கடியில் இருந்த தண்ணீரைக் கைநீட்டிக் காட்டி, "கௌ, கௌ" என்று திரும்பவும் சொன்னேன்.

அவ்வளவுதான். துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. சிக்லோக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை இழுத்து இறக்கி முட்டி போடச் சொன்னார்கள். தார் சுட்டது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், அடுத்த சொல் வரவில்லை. சின்ன வயதிலிருந்து தினமும் சொன்ன ஜெபம், ஒரு சொல் வரவில்லை.

"நீ பேசாத, புள்ள," என்றது ஒரு குரல்.

அவர் வண்டியை விட்டு இறங்கியிருந்தார். இரண்டு கையும் தலைக்கு மேலே. குரல் நடுங்கியது. ஆனாலும் அவர்கள் பாஷையில் தெளிவாகப் பேசினார். உறையைத் திறக்கட்டுமா என்று கேட்டார். நான் போட்டிருந்த இரட்டை முடிச்சை அவர் அவிழ்த்து முடிப்பதற்குள் என் உயிர் போய்ப் போய் வந்தது. கோலை வெளியே எடுத்தார். அந்தச் சிப்பாய் சக்கரத்தைக் காட்டி ஏதோ கத்தினான். அவர் வளையத்தை மடக்கி, கைப்பிடியைச் சுற்றினார். எவ்வளவு மெல்ல மூடினாலும் சத்தம் சத்தம்தானே. சிப்பாய்ப் பையன் துள்ளி, துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தான். இவர் அசையவில்லை. இன்னொரு முறை சுற்றி, உள்ளே வெறும் நரம்புதான் என்று இழுத்துக் காட்டினார். பின்னாலிருந்து வயதான சிப்பாய் ஒருவர் வந்து கோலை வாங்கித் தானும் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். சிரித்தார். போகச் சொல்லிவிட்டார்.

பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அவர் விளக்கினார். குரலைச் சமமாக வைத்தால் மீன் பிடிப்பது. கீழே இறக்கினால் பாலம். பயத்தில் என் குரல் இறங்கிவிட்டது. பச்சை உறையில் துப்பாக்கி மாதிரி நீளமாக ஒன்றை வைத்துக்கொண்டு, அது என்ன என்று கேட்டால், பாலத்துக்கு, பாலத்துக்கு என்று கையைக் காட்டியிருக்கிறேன். எத்தனையோ பாலங்களுக்கு வெடி வைத்த காலம் அது.

வீட்டுக்குப் போய்விடலாம் என்று அழுதேன். வந்தது வந்தாயிற்று என்றார் அவர். வீசிய நரம்பெல்லாம் வெங்காயத் தாமரையில் போய்ச் சிக்கியது. ஒரு கெளுத்திகூட அகப்படவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பியதும் உறையைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினேன். அடுத்த ஞாயிறு அவராகவே புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ வேணாம். நீ வாயத் தொறந்தா சுட்டுப்புடுவான்," என்று சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வாரம் தவறாமல் போனார். கொஞ்ச நாளில் கம்பெனிக்கும் போகத் தொடங்கினார். மனிதரை மீட்டுவிட்டாய் என்று கோயிலில் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

அவர் தெருமுனை திரும்பும் வரை சிரித்த முகமாகவே நிற்பேன். கதவைச் சாத்தியதும் அப்படியே முட்டி மடங்கித் தரையில் விழுவேன். அந்தப் பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்து அவர் குரல் வாசலில் கேட்கும் வரை எழுந்திருக்க முடியாது. ஒரு நாள் சீக்கிரமாக வந்து கதவைத் திறந்தவர் முட்டியில் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, ஜெபம் செய்கிறேன் என்று நினைத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போனார்.