சங்குக் கிட்டங்கியில் என் படங்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் கீழக்கரையில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். வகுப்பில் மாங்காயும் மயிலும் சொல்லிக்கொடுப்பேன். வாடகை அறையில் எனக்காக வரைந்தவை வேறு. ஆள் உயரப் பலகைகளில், படகுக்குப் பூசும் பெயிண்டால், நீலத்தையும் சாம்பலையும் பட்டை பட்டையாக இழுத்திருப்பேன். முகம் கிடையாது, மரம் கிடையாது; எனக்கு அதுதான் கடல். அவற்றை ஊருக்குக் காட்ட வேண்டுமென்று ஆசை வந்து, வாசகசாலையில் இடம் கேட்டேன்.

"சாமி படம், தலைவர் படம் இருந்தாச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் சங்கு வியாபாரி. கடலை ஒட்டி அவருக்குச் சரக்குப் போட்டுவைக்கும் ஒரு கிட்டங்கி இருந்தது. உயரமான கூரை, வெள்ளையடித்த நீளச் சுவர். வளையல் அறுக்கக் கல்கத்தா போகும் சங்குகள் அங்கே மலையாகக் குவிந்து கிடக்கும். போய்க் கேட்டேன். சிரித்தார்.

"டீச்சர், நாத்தம் தாங்குவீங்களா?"

"பழகிக்கிருவேன் காக்கா." அண்ணனை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்ப மாட்டிக்கங்க. ஆனா வேலை ஒரு நாழி நிக்காது. சங்கு வந்தாக் கொட்டுவோம், சாக்குக் கட்டுவோம்."

ஏணியில் ஏறி, வலைக்கயிற்றால் ஒவ்வொரு பலகையையும் உத்தரத்தில் தொங்கவிட்டேன். கீழே ஆட்கள் சங்கு தரம் பிரித்துக்கொண்டிருக்க, பார்க்க வந்தவர்கள் குவியல்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வாசகசாலைக்காரர்கள்கூட வந்தார்கள். "கடல்ங்கிறீங்க, அலையக் காணமே" என்று சிலர் மல்லுக்கு நின்றார்கள். மறுநாளும் வந்து மல்லுக்கு நின்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே வியாபாரியின் மனைவி என்னை வீட்டுக்கு அழைத்தார். லாத்தா என்று அக்கா முறையில்தான் அவரைக் கூப்பிடுவேன்.

"ஊரு ஆம்பளைக பூராம் பாத்துட்டு வந்து கதை சொல்றாக. நாங்க எப்பப் பாக்குறது?"

கிட்டங்கிக்குள் அந்த ஊர்ப் பெண்கள் கால் வைத்ததே இல்லை. நேரே வியாபாரியிடம் போனேன்.

"அது எப்படி டீச்சர்? ஆளுக வேலை பாக்குற எடம்."

"வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போவாகள்ல, அப்படியே வீட்டுக்குப் போகச் சொல்லிருங்க."

"வேலை நிக்காதுன்னு அன்னைக்கே சொன்னேனே?"

"சொன்னீங்க. லாத்தாதான் கேக்கச் சொன்னாக."

"அவளா?" தாடியைத் தடவிக்கொண்டே இடுப்பிலிருந்து கிட்டங்கிச் சாவியை அவிழ்த்தார். அதை என் கையில் வைத்தார். "பொழுது அடையுற வரைக்கும் கதவு உங்க பொறுப்பு."

வெள்ளிக்கிழமை மதியம் சந்துக்குள்ளிருந்து வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் வரிசையாக வந்தார்கள். உள்ளே வந்ததும் யாரும் படங்களைப் பார்க்கவில்லை. சங்குக் குவியலைப் பார்த்து நின்றுவிட்டார்கள். லாத்தா குனிந்து ஒரு சங்கை இரு கையாலும் தூக்கினார்.

"கலியாணம் ஆனதுலேர்ந்து இந்தச் சோறுதான் திங்கிறேன். கிட்டங்கிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மெல்ல மெல்லத்தான் தலைகள் மேலே நிமிர்ந்தன. கடற்காற்றில் பலகைகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. "இது விடியுற கடல்" என்றாள் ஒருத்தி. "போடி, பொழுது அடையுறது" என்றாள் இன்னொருத்தி. இருவரும் என்னிடம் வந்தார்கள்.

"ரெண்டும் இல்ல, உச்சி வெயில்" என்றேன்.

"அது உங்களுக்குத் தோணுனது. மாடியிலேர்ந்து தெனம் பாக்குறவுக நாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சண்டைக்குப் போனார்கள். கிட்டங்கி முழுக்க அதே பேச்சு. அலை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, நான் கேட்காமலே வேலை நின்றது. மற்றத் தெருக்களிலிருந்தும் பெண்கள் வந்துவிட்டார்கள். கதவைத் திறந்துவிட்டுக் கடைசியாக நுழைந்த எனக்கு, என் படங்களுக்குக் கீழே நிற்க இடம் கிடைக்கவில்லை. சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, ராணி மாதிரி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.