பனிக்கட்டிக்கு அடியில் பாடம்

வெர்னா பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறார். முதுகில் தண்ணீர் டப்பா, வலது கையில் பூவாளித் தலை போட்ட குழாய். கை இடமும் வலமும் ஒரே தாளத்தில் வீச, நுண்ணிய துளிகள் பனித்தரையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கடுகு கடுகாக உறைகின்றன. அந்தக் கடுகின் மேல்தான் எங்கள் கர்லிங் ஆட்டத்தின் கனத்த கற்கள் வழுக்கி ஓடியாக வேண்டும். வாசல் தெளிப்பது மாதிரிதான்; ஆனால் பின்பக்கமாக, நாற்பது மீட்டருக்கு மேல், மூன்று தடங்களிலும். உதடுகள் மட்டும் தனியாக எதையோ முணுமுணுக்கின்றன. ஜெபம் என்று நினைத்துப் புதிதாக வந்த பாதிரியார் ஒருமுறை தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் காதில் விழுந்தது இதுதான்: "அம்மோனியா கொதிக்கிறது மைனஸ் முப்பத்து மூணு. அம்மோனியா காத்தை விட லேசு. செம்பும் பித்தளையும் கிட்டவே வரக் கூடாது."

வெர்னா ஹோலுப்கோவுக்கு ஐம்பத்தாறு வயது, ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. பஞ்சு வைத்த நீல அங்கியை அக்டோபரில் மாட்டினால் ஏப்ரலில்தான் கழற்றுவார் என்று ஊரில் பேச்சு. பனித்தரையைப் பற்றி எப்போதும் அடங்காத பிள்ளையைப்போலத்தான் பேசுவார்: "இவன் இன்னைக்கு முறுக்கா இருக்கான், ரெண்டு மணி நேரம் விட்டுப் பிடிக்கணும்." வாசலில் நின்று எல்லோருடைய பூட்ஸையும் புரட்டி அடியைப் பார்ப்பார். ஒரு சூரியகாந்தி விதைத் தொலி ஒட்டியிருந்ததற்காகக் கூட்டுறவுக் கடை மேலாளரையே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் போய், வேறு பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் வந்தார்.

பனி போடுவதில் வெர்னாவை மிஞ்ச கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம் முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைப்பது கஷ்டம். குறை ஒன்றே ஒன்று. பனியை உறைய வைக்கும் அம்மோனியா இயந்திரத்தை ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அது முன்பு இயந்திரத்தை ஓட்டிய கிழவர் ஸ்டெஃபானிடம் இருந்தது. பதினேழு வருடம் அவருக்குக் கையாளாக நின்று இயந்திரத்தின் இருமலைக்கூட அடையாளம் கண்டுகொண்டவர் வெர்னா. போன கோடையில் ஸ்டெஃபான் மகள் வீட்டோடு குடியேறிவிட்டார், லைசென்ஸும் கூடவே போய்விட்டது. பிப்ரவரி முடிவதற்குள் லைசென்ஸ் உள்ள ஒருவர் பெயரைத் தராவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்று மாகாண அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் எஸ்கர் லேக் ஊரில் இந்தக் கர்லிங் கூடம் இல்லையென்றால், குளிர்காலம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேறு காரணமே கிடையாது.

வெர்னா இரண்டு முறை தேர்வெழுதி இரண்டு முறையும் தோற்றார். முதல் முறை, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ஜோலீன் போனில் சொல்லிக்கொடுத்த வழி. ஒரு அட்டையில் ஒரு கேள்வி, ஐந்து பெட்டிகள். விடை தெரிந்தால் அட்டை அடுத்த பெட்டிக்கு ஏறும். தெரியாவிட்டால் முதல் பெட்டிக்கே இறங்கிவிடும். வெர்னா ஐந்து ஐஸ்கிரீம் வாளிகளை வரிசையாக வைத்தார். இரண்டு மாதம் கழித்தும் அட்டைகள் அத்தனையும் முதல் வாளியிலேயே கிடந்தன. மற்ற நான்கு வாளிகளிலும் அவர் கணவர் ஆர்னி திருகாணிகளைப் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் முறை, பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் தனக்கும் பதியும் என்றார்கள். ஆர்னி மறுத்துவிட்டதால் வெர்னா நாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். நாயின் எதிரில் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. தேர்வறையில் நாய் இல்லை, விடையும் இல்லை. இப்போது அந்தப் புத்தகத்தைக் கண்டாலே நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது வழியையும் ஜோலீன்தான் சொன்னாள். தினமும் நடக்கிற ஒரு பாதையை நினைத்துக்கொள், அடிக்கொன்றாகப் பாடத்தை வைத்துக்கொண்டே போ, தேர்வில் மனத்துக்குள் அதே பாதையில் நட. வெர்னா யோசித்துவிட்டு, "மனசுக்குள்ள நடக்கறதெல்லாம் எனக்கு வராதுடி, நான் நெசமாவே நடந்துக்கறேன்" என்றாராம். மகள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அக்டோபரில் தரைக்கு வெள்ளை அடித்து, கற்கள் போய் நிற்க வேண்டிய வட்டங்களைத் தடத்தின் இரு முனையிலும் வரைந்து, அதன் மேல் தண்ணீர் விட்டு உறைய வைப்பது வழக்கம். அந்த வருடம் வெர்னா இரண்டு நாள் யாரையும் உள்ளே விடவில்லை. திறப்பு நாளன்று போய்ப் பார்த்தால், மூன்றாவது தடத்தில் இந்த வட்டத்திலிருந்து அந்த வட்டம் வரை, சாண் உயர நீல எழுத்தில் தேர்வுப் பாடம், இருபத்திரண்டு வரிகள். எல்லாம் அரை அங்குலப் பனிக்கு அடியில். அழிக்க வேண்டுமானால் ஏப்ரலில் உருகினால்தான் உண்டு.

கர்லிங் கழகத் தலைவர் கார்மன், கோதுமை விவசாயி, இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏம்மா வெர்னா, இது வெளையாடற எடமா, பள்ளிக்கூடமா?"

"கல்லுக்குப் படிக்கத் தெரியாது கார்மன். நீயும் படிக்காத, யாரு உன்னைப் படிக்கச் சொன்னா?"

படிக்காமல் எப்படி இருப்பது? கர்லிங்கில் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தோடு தேய்த்துக்கொண்டு ஓடுபவர் தலை குனிந்துதான் ஓட வேண்டும். கண் தானாக வரிகளில் விழும். இந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாகத் துணைத் தலைமையாசிரியராக இருக்கிறேன். என் மாணவர்கள் எந்தப் பாடத்தையும் அந்த வேகத்தில் படித்து நான் பார்த்ததில்லை. டிசம்பருக்குள் அந்த வரிகளே தூரக் குறிகளாகி, ஆட்டத்தின் பேச்சே மாறிவிட்டது. "கண்டென்ஸர்கிட்ட நிறுத்து", "ஐயோ, வால்வைத் தாண்டிடுச்சு" என்று கத்தினார்கள். அடுத்த ஊரிலிருந்து வந்த அணியின் ஆள் ஒருவர் பாதி ஓட்டத்தில் நின்று, ஒரு வரியை முழுதாகப் படித்து முடித்தார். கல் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. பாதிரியார் ஓர் அடக்க ஆராதனையில், ஆன்மா அம்மோனியாவைப்போல மேலே போகிறது என்று பிரசங்கித்தார். துக்க வீட்டார் உட்படப் பலர் தலையாட்டினார்கள். ஜனவரியில் ஒரு காலை மைனஸ் முப்பத்தாறு. காப்பிக் கடையில் நுழைந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல், இன்றைக்கு அம்மோனியாகூடக் கொதிக்காது என்று சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்றினார்கள்.

அங்கேதான் எனக்குக் கிலி பிடித்தது. கார்மன் சும்மா இருக்காமல், அம்மோனியா கசிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று மேசையைப் பார்த்துக் கேட்டார். கந்தகக் குச்சியைக் கொளுத்திக் காட்டு, கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை வரும் என்று ஏழு பேர் ஒரே குரலில் சொன்னோம். வெர்னா மட்டும் காப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"கைக்குத் தெரியும் வாத்தியாரே," என்றார் என்னிடம், மெதுவாக. "வாய்க்குத்தான் வர மாட்டேங்குது. அங்க நடக்கறப்ப எல்லாம் வருது. ஒக்காந்தா போயிடுது."

தேர்வுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

தேர்வு எங்கள் பள்ளி நூலகத்தில் நடந்தது. மேற்பார்வைக்கு என்னையே போட்டிருந்தார்கள். மூன்று மணி நேரம். முதல் நாற்பது நிமிடத்தில் வெர்னா எழுதியது அவருடைய பெயர் மட்டும். இதில் என் பாடு தனி. நான் செவ்வாய்தோறும் மூன்றாவது தடத்தில் ஆடுகிறவன். அந்தத் தாளில் இருந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எனக்கு விடை தெரியும். வாய் துடித்தது. தப்பித் தவறி முகத்தில் ஏதாவது தெரிந்துவிடப் போகிறதே என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, தீயணைப்பு அறிவிப்பைப் பதினோரு முறை படித்தேன்.

"வாத்தியாரே, எழுந்து நடக்கலாமா?"

விதித்தாளை எடுத்துப் பார்த்தேன். பேசக் கூடாது, குறிப்பு பார்க்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது. நடப்பதைப் பற்றி ஒன்றுமில்லை. இரண்டாம் பக்கமும் பார்த்துவிட்டு, நடக்கலாம் என்றேன்.

"பின்னாடி நடக்கலாமா?"

அதைப் பற்றியும் ஒன்றுமில்லை.

வெர்னா எழுந்தார். ஜன்னலோரச் செடிகளுக்கு ஊற்றும் பூவாளியை எடுத்துக்கொண்டார். புவியியல் அலமாரியில் தொடங்கி, சமையல் வழியாக, பின்னோக்கி நடந்தார். கை இடமும் வலமும் வீசியது. உதடு அசைந்தது. சமையலில் சட்டென்று நின்று, பூவாளியை வைத்துவிட்டு, மேசைக்கு ஓடி எழுதினார். மறுபடி வந்து விட்ட இடத்தில் நின்றுகொண்டார். பூவாளியில் தண்ணீர் இருந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. நான் பார்த்தபோது கம்பளம் வரலாறு வரைக்கும் நனைந்திருந்தது. மணி அடித்தபோது வெர்னா கடைசித் தாளை எழுதி முடித்து, மூச்சிரைக்க நின்றார்.

பிப்ரவரி கடைசி வியாழக்கிழமை கடிதம் வந்தது. கார்மன் அதைத் தபால் நிலையத்திலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மாலை ஏழு மணிக்கு ஆட்டம். கண்ணாடிக்குப் பின்னால் நாற்பது பேர் துடைப்பத்தோடு நின்றோம். வெர்னா இரண்டாம் தடத்தில் தெளித்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சுப் பாரும்மா," என்றார் கார்மன்.

"பாதியில விட்டா இவன் கெட்டுப் போவான்."

கடிதத்தை வாங்கி அங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு, மீதிப் பாதியையும் மூன்றாவது தடத்தையும் முடித்தார். டப்பாவை இறக்கினார், குழாயை உதறினார், இயந்திர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இயந்திரத்தின் உறுமல் தவிர ஒரு சத்தமும் இல்லை. கார்மன் தன் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். யாரோ, மூன்று தடவைக்கு மேல் எழுத விடுவார்களா என்று கேட்டார்கள்.

உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. நாலு அடி.

கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். இயந்திரத்துக்கு மேலே, தன் உயரத்துக்குத் தகுந்தாற்போல் எங்கள் நெஞ்சு மட்டத்தில், மதிய உணவு டப்பாவின் கண்ணாடி மூடிக்குப் பின்னால் தன் பெயர் போட்ட லைசென்ஸ் தாளை வைத்து மாட்டியிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பனித்தரையை அளக்கும் ரசமட்டத்தை அதன் மேல்விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடி, குமிழி நடுவுக்கு வரும்வரை ஒரு மூலையைச் சுண்டுவிரலால் மயிரிழை மயிரிழையாக உயர்த்திக்கொண்டிருந்தார்.